மாதவிடாய் நிற்கும் பருவமும் சீன மருத்துவமும்: வாசகியர் கேள்விகள், மகளிர் மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹார்மோன் சிகிச்சையைப் பற்றியல்ல, சின்சேயிடம், அதாவது சீன மருத்துவரிடம், போகலாமா என்பதைப் பற்றியே இருந்தன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன மருந்துக்கடை இல்லாத பேட்டை அரிது என்பதால் இதில் வியப்பில்லை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: எனக்கு வயது 51. ஒன்பது மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. இரவில் மூன்று நான்கு முறை உடம்பு திகுதிகுவென்று எரிந்து, உடை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. உடன் வேலை செய்யும் சீனத் தோழி தம் சின்சேயிடம் அழைத்துச் சென்றார். அவர் இரண்டு கைகளிலும் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் யின் குறைந்துவிட்டது என்று சொல்லி, ‘ஜீ பாய் தீ ஹுவாங் வான்’ என்ற மருந்தைக் கொடுத்தார். சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையிலோ சிறுநீரகம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். யார் சொல்வதை நம்புவது? மருந்தைச் சாப்பிடலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இருவர் சொன்னதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் அளந்தது கிரியாட்டினின் போன்ற கழிவுப் பொருள்களை வடிகட்டும் உறுப்பின் திறனை. சின்சே பேசியது, வளர்ச்சி, பூப்பு, மகப்பேறு, எலும்பு, தலைமுடி, மூப்பு ஆகிய அனைத்தையும் ஆள்வதாகச் சீன மருத்துவம் கருதும் ஓர் ஆற்றல் நிலையத்தைப் பற்றி. சீன மருத்துவத்தின் மூலநூலாகிய ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ பெண்ணின் வாழ்நாளை ஏழேழு ஆண்டுகளாகப் பகுக்கிறது. 14 வயதில் பூப்பு வருகிறது, 49 வயதில் அந்த ஊற்று வற்றி மாதவிடாய் நிற்கிறது என்பது அதன் கணக்கு. அந்த ஆற்றலின் குளிர்ச்சிப் பகுதியான யின் குறைந்தால் சூடு தலைதூக்கி, இரவு வியர்வையும் உள்ளங்கை எரிச்சலும் வாய் வறட்சியும் தோன்றும் என்று அவர்கள் விளக்குகிறார்கள். சூட்டு உடம்பு, குளிர்ந்த உடம்பு என்று பேசியே வளர்ந்த நமக்கு இந்த விளக்கம் உடனே மனத்தில் படிந்துவிடுவதால், சின்சேயிடம் போகும் தமிழ்ப் பெண்களுக்கு அங்கே அந்நியமாகத் தோன்றுவதில்லை என்று நினைக்கிறேன்.

இன்றைய உடலியல் இதை வேறு விதமாகச் சொல்கிறது. சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறையும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றித் தூண்டப்படுகின்றன. வெப்பம் இம்மியளவு கூடினாலும் உடல் கொதிப்பதாக அவை எடுத்துக்கொண்டு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகின்றன. இந்தத் தொல்லை சில மாதங்களில் அடங்கிவிடும் என்று ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் 1996இல் தொடங்கி, சீன, ஜப்பானிய வம்சாவளியினர் உட்படப் பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி உடல் தகித்த பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள்.

உங்களுக்குக் கொடுத்த மருந்தின் வரலாறு சுவையானது. அதற்கு அடிப்படையான ‘லியூ வெய் தீ ஹுவாங் வான்’ என்னும் ஆறு சரக்கு உருண்டையை 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியென் யீ என்ற குழந்தை மருத்துவர், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக வகுத்தார். பிற்காலத்தார் அதனுடன் சூட்டைத் தணிக்கும் இரண்டு கசப்புச் சரக்குகளைச் சேர்த்து, மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கும் பயன்படுத்தினார்கள். அவ்விரண்டில் ஒன்றான ஹுவாங்பாய் என்ற மரப்பட்டையில், நம் நாட்டு மரமஞ்சளில் இருக்கும் அதே பெர்பெரின் இருக்கிறது. அது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது என்பதால், நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த மருந்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். முதன்மைச் சரக்கான கருநிற வேரை மதுவில் ஊறவைத்து, பல முறை அவித்து, பிசுபிசுப்பாகும் வரை பக்குவப்படுத்துகிறார்கள். வயிறு மந்தமாக உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று சீன மருத்துவர்களே சொல்வார்கள்.

பலன் உண்டா என்று கேட்டால், இதுவரை உள்ள சான்று போதாது என்பதே நேர்மையான பதில். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மாதவிடாய் நிற்கும் பருவத் தொல்லைகளுக்குச் சீன மூலிகைகளைக் கொடுத்துப் பார்த்த 22 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 2,902 பெண்களின் முடிவுகளோடு சேர்த்து ஆராய்ந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்துச் சத்தில்லாத போலி மருந்தைவிட மூலிகை மேலானது என்றோ, ஹார்மோன் சிகிச்சைக்கு நிகரானது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. உடல் தகிப்பைப் பொறுத்தவரை போலி மருந்தே கணிசமான பெண்களுக்குக் குறைவைத் தரும் என்பதையும், தொல்லை மிகவும் மோசமாக இருக்கும் நாளில்தான் நாம் மருத்துவரைத் தேடிப் போகிறோம், அதன்பின் அது இயல்பாகவே சற்றுத் தணியும் என்பதையும் மறக்கக்கூடாது. தோழிக்குக் குணமானது என்பது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. எதனால் குணமானது என்பதை அந்த ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், வேறு மருந்து எதுவும் சாப்பிடாதவராக, கல்லீரல் நலமாக உள்ளவராக நீங்கள் இருந்தால், பதிவுபெற்ற சின்சே ஒருவரின் கண்காணிப்பில் எட்டு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பதை நான் தடுக்கமாட்டேன். தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரம் இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எட்டாவது வாரத்திலும் அதேபோல் குறித்து ஒப்பிடுங்கள். குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இடையில் சிறுநீர் அடர்நிறமாகவோ கண் மஞ்சளாகவோ மாறினால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும் என்பதால், அந்தப் பரிசோதனையைச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு; உங்களுக்கு ஒன்பது மாதமே ஆகியிருப்பதால் கருத்தடை முறையை இப்போதே கைவிடவேண்டாம்.

கேள்வி: டாங் குவை என்ற சீன மூலிகை வேரைப் போட்டுக் கோழி சூப் வைத்து வாரம் இருமுறை குடித்தால் இந்த வயதுத் தொல்லைகள் தீரும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். எனக்கு வயது 54. இருதய வால்வு மாற்றியிருப்பதால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். சூப் உணவுதானே, அதனால் கெடுதல் வருமா?
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: வேண்டாம், அம்மா. டாங் குவை வேர் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். வார்ஃபரினில் சீராக இருந்த 46 வயதுப் பெண் ஒருவர் டாங் குவையை நான்கு வாரம் சேர்த்துச் சாப்பிட்டதில், இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரு மடங்குக்கும் மேல் ஏறியது 1999இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. செயற்கை வால்வு உள்ள உங்களுக்கு அந்த அளவு ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. சீன மூலிகைகளில் அதை இறக்கிவிடக்கூடியது ஜின்செங், ஏற்றிவிடக்கூடிய இன்னொன்று டான் ஷென். சூப்பில் எவ்வளவு வேர் போட்டார்கள், எவ்வளவு நேரம் கொதித்தது என்பதைப் பொறுத்துச் சாரம் மாறும் என்பதால், மாத்திரையைவிடச் சூப்பின் அளவைக் கணிப்பது கடினம். ஏற்கெனவே குடித்திருந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் மருத்துவமனையில் சொல்லி ஐ.என்.ஆர். பாருங்கள்.

வார்ஃபரின் சாப்பிடாத மற்ற வாசகியருக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் 71 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு டாங் குவையும் மீதிப் பேருக்குப் போலி மருந்தும் 24 வாரம் கொடுத்தார்கள். உடல் தகிப்பில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. டாங் குவையைத் தனியாகக் கொடுப்பது எங்கள் முறையே அல்ல, பல சரக்குகளோடு சேர்த்தே கொடுப்போம் என்று சீன மருத்துவர்கள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் கடையில் தனி மாத்திரையாக வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கும் சூப்பில் அந்த ஒன்றை மட்டும் போடுபவர்களுக்கும் அந்த நியாயம் துணைவராது.

கேள்வி: மருந்து எதுவும் உள்ளே போகாது என்பதால் அக்குபங்சர் பாதுகாப்பானது என்கிறார்கள். பலன் இருக்குமா?
– வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தொல்லை குறைகிறது என்பது உண்மை, அது ஊசியால்தானா என்பதில்தான் வழக்கு. ஆஸ்திரேலியாவில் 327 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு முறையான அக்குபங்சரும், மற்றவர்களுக்குத் தோலைத் துளைக்காத மொட்டை ஊசியும் எட்டு வாரங்களில் பத்து முறை கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி இரு சாராருக்கும் உடல் தகிப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது, அந்தக் குறைவு ஆறு மாதம் நீடித்தது. ஆகவே ஊசி குத்தும் புள்ளிக்குத் தனிச் சிறப்பு இருப்பதாக அந்த ஆய்வு காட்டவில்லை. அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் பொறுமையாகக் கேட்டுக் கவனிப்பதும் பாதி வேலையைச் செய்கின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தை நினைத்தால், சின்சேயின் அறைக்குப் பெண்கள் போவதைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசியா என்று பாருங்கள்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செலவு கட்டுப்படியானால் போகலாம்.

கேள்வி: எனக்கு வயது 49. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் ‘ஏர் சியென் தாங்’ என்ற சீன மருந்தை அனுப்பியிருக்கிறாள். அதில் நம் சித்த மருத்துவத்தில் உள்ள நிலப்பனைக் கிழங்கும் இருக்கிறதாம். மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்கிறாள். சாப்பிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: மகளின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த மருந்து உங்களுக்கு ஆகாது. ஏர் சியென் தாங் பழங்கால நூல்களில் இருப்பதன்று, 1950களில் ஷாங்காயில், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஏறும் இரத்த அழுத்தத்துக்கென்று உருவாக்கப்பட்ட ஆறு சரக்குக் கசாயம். பெயரில் உள்ள இரண்டு ‘சியென்’களில் ஒன்று நிலப்பனைக் கிழங்கேதான். சீன மருந்து நூல்கள் அதைச் சற்று நச்சுத்தன்மை உள்ளது என்றே வகைப்படுத்தி, நெடுநாள் கொடுக்கவேண்டாம் என்கின்றன. மற்றொன்றான எபிமீடியம் என்னும் செடிக்கு ஈஸ்ட்ரோஜனை ஒத்த செயல் இருப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதோடு டாங் குவையும் சேர்கிறது. ஈஸ்ட்ரோஜன் புற்றணுக்களைத் தூண்டாமல் தடுப்பதற்காகவே நீங்கள் டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறீர்கள். அந்தத் தடையை மீறக்கூடிய ஒன்றை, அபாயம் சிறிதா பெரிதா என்று உறுதியாகத் தெரியாத நிலையில், கூடவே சாப்பிடுவது தகாது. ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆய்வில் இந்தக் கசாயம் போலி மருந்தைவிடச் சற்று மேலான பலன் தந்தது உண்மைதான், ஆனால் அந்த முடிவை வைத்து உங்களுக்கு நான் பரிந்துரைக்க முடியாது.

மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் உடல் இளைக்கும் சிகிச்சை பெற்ற பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதடைந்தது. மாத்திரையில் இருந்திருக்கவேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த அரிஸ்டோலோக்கியா இனச் செடி சேர்ந்துவிட்டதே காரணம். அவர்களுள் பலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் வேலியோரங்களில் படரும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை என்பதால், இதைச் சீனத்துச் சரக்கின் குற்றம் என்று ஒதுக்கிவிட வழியில்லை.

உங்கள் தகிப்புக்கு வழியில்லாமல் இல்லை. வென்லாஃபாக்ஸின் என்ற மாத்திரை குறைந்த அளவில் பலன் தரும். தூக்கத்தைக் கெடுக்கும் இரவுத் தகிப்புக்குக் கபாபென்டின் உதவும். இதே பயனுக்குக் கொடுக்கப்படும் பராக்ஸெடின் மட்டும் உங்களுக்குக் கூடாது; உடலில் டமாக்ஸிஃபெனைச் செயல்படும் நிலைக்கு மாற்றும் நொதியை அது தடுத்துவிடும். எண்ணப் பழக்கங்களை மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சைக்கும் நல்ல சான்று இருக்கிறது. மகள் அனுப்பிய புட்டியை எடுத்துக்கொண்டு போய் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, இவற்றுள் எது பொருந்தும் என்று கேளுங்கள்.

கேள்வி: ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்ற பயத்தால்தான் என் போன்றவர்கள் சீன மருந்துக்குப் போகிறோம். அந்தப் பயம் சரிதானா?
– வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: பயம் பிறந்த நாளைக் குறிப்பாகச் சொல்லலாம். 2002 ஜூலையில், அமெரிக்காவின் ‘மகளிர் நல முனைப்பு’ ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பிரிவை இடையிலேயே நிறுத்தினார்கள். உலகெங்கும் அந்த மாத்திரையைப் பெண்கள் கைவிட்டு, மாற்று வழிகளைத் தேடிப் போனார்கள். அந்தப் பிரிவில் இருந்த 16,608 பெண்களின் சராசரி வயது 63 என்பதையும், மார்பகப் புற்றுநோயின் கூடுதல் ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேர் என்பதையும், பெருங்குடல் புற்றுநோயும் இடுப்பெலும்பு முறிவும் குறைந்தன என்பதையும் தலைப்புச் செய்திகள் எடுத்துச் சொல்லவில்லை. 60 வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத, மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ வந்திராத பெண்ணுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால், நன்மையே பொதுவாக மிகுதி என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் கருத்து. தோலில் ஒட்டும் பட்டையாகப் பயன்படுத்தினால் இரத்தம் உறையும் அபாயமும் குறைவு. யாரையும் ஹார்மோன் சாப்பிடும்படி நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் அபாயத்தை எண்ணிக்கையில் அளந்து சொன்ன மருந்தை ஒதுக்கிவிட்டு, யாரும் அளக்காத மருந்தைப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்வது எனக்கு விளங்கவில்லை. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சின்சேக்கள் பதிவுபெற வேண்டும் என்பது நல்ல ஏற்பாடுதான், ஆனால் பதிவு என்பது பயிற்சிக்கான சான்று, ஒவ்வொரு கசாயத்தின் பலனுக்குமான சான்றன்று. இணையத்திலும் இரவுச் சந்தையிலும் விற்கும் மாத்திரைகளுக்கு அந்தச் சான்றும் இல்லை. அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 56. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வாரங்களாக உள்ளாடையில் இலேசாக இரத்தக் கறை படுகிறது. மருந்துக்கடைக்காரர், ‘சூட்டினால் வருவது’ என்று பத்துப் பொட்டலம் கசாயச் சரக்குக் கொடுத்திருக்கிறார். முடித்துவிட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, ஜொகூர் பாரு

பதில்: முடிக்கும் வரை காத்திராதீர்கள், இந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள். மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் ஆராய்ந்தே தீரவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டதாலோ சிறு சதை வளர்ச்சியாலோ வருவது. ஆனால் சுமார் 9 விழுக்காட்டினருக்குக் கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய் காரணமாக இருக்கிறது, தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகிவிடும். முதலில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுப்பார்கள். கருப்பை உட்சுவரின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, இரத்தப்போக்கு தொடர்ந்தாலோ, மெல்லிய குழாயால் திசுவைச் சிறிதளவு எடுத்துச் சோதிப்பார்கள். மாதவிடாய் வலியைப் போல் சில நிமிடம் பிடித்திழுக்கும், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வேலைக்காக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாறி மாறி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; எங்கே முதலில் நேரம் கிடைக்கிறதோ அங்கே போங்கள். பொட்டலங்களை எறிந்துவிடாமல் பிரிக்காமலே எடுத்துச் சென்று காட்டுங்கள், நீங்கள் இதுவரை எதைக் குடித்தீர்கள் என்பது மருத்துவருக்குத் தெரியவேண்டும். பரிசோதனை முடிவு வரும்வரை அடுத்த பொட்டலத்தைக் காய்ச்சவேண்டாம்.